குடும்பத்தோடு தங்க டென்ட்: குறைந்த விலையில் எதைப் பார்த்து வாங்குவது? – கேள்வி பதில்

சேலத்திலிருந்து: நாங்கள் நாலு பேர். பிள்ளைகளுக்கு 6 வயது, 10 வயது. '4 பேர் டென்ட்' போதுமா?

படுக்கப் போதும், பை வைக்க இடம் இருக்காது. ஆளுக்கு 60 செ.மீ. அகலம் என்று கணக்குப் போட்டுத்தான் பெட்டியில் அந்த எண்ணை அச்சடிக்கிறார்கள். 4 பேர் டென்ட்டின் தரை பெரும்பாலும் 240 × 210 செ.மீ. அளவில்தான் இருக்கும். அதனால் ஆள் கணக்கை விட்டுவிட்டுத் தரை அளவைப் பாருங்கள். உங்களுக்கு அகலம் 300 செ.மீ. இருந்தால் நிம்மதி. நீளத்தில் 210-க்குக் கீழே இறங்க வேண்டாம். சுவர் சாய்ந்து இறங்குவதால், ஐந்தே முக்கால் அடி ஆள் 190 செ.மீ. தரையில் படுத்தால் கால் துணியில் உரசி, விடிவதற்குள் போர்வை நுனி நனைந்துவிடும்.

நின்று உடை மாற்றும் உயரம் வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். உயரம் கூடக் கூட மலைக்காற்று பிடித்துத் தள்ளும். குறைந்த விலை டென்ட்டில் 130–150 செ.மீ. உயரமே பத்திரம்.

கோவையிலிருந்து: இணையத்தில் 2,000 ரூபாய் சுற்றில் நிறைய டென்ட் கிடைக்கிறதே, வாங்கலாமா சார்?

அந்த விலையில் வருபவை பெரும்பாலும் ஒற்றைத் துணி டென்ட். மொட்டை மாடியில் பிள்ளைகள் விளையாட வாங்கலாம், ஏலகிரிக்கோ வால்பாறைக்கோ கொண்டுபோக வேண்டாம். நாலு பேர் இரவு முழுக்க விடும் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு லிட்டர் வரைகூட ஈரம் சேரும். வெளியே குளிரும்போது அந்த ஈரம் துணியின் உள்பக்கம் நீர்த்துளியாகப் படிந்து மேலே சொட்டும். 'ஒழுகுகிறது' என்று திருப்பி அனுப்பப்படும் டென்ட்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம், மழை அல்ல.

உள்ளே வலையோடு ஒரு கூடு, அதன்மேல் ஒரு கை அகலம் இடைவெளி விட்டு மழைத்துணி என்று இரண்டு அடுக்கு இருந்தால், துளி வெளித்துணியில் படிந்து அப்படியே வழிந்து தரைக்குப் போய்விடும். ஆனால் 'இரண்டு அடுக்கு' என்று விற்பதிலும் ஒரு வகை உண்டு: மழைத்துணி உச்சியை மட்டும் தொப்பிபோல மூடும், பக்கச் சுவரெல்லாம் திறந்து கிடக்கும். சாரல் நேரே உள்ளே வரும். படத்தில் மழைத்துணி தரைக்கு நாலைந்து விரல் மேலே வரை இறங்குகிறதா என்று பாருங்கள். என் கருத்தில் பட்ஜெட் டென்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். மற்றதில் எல்லாம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து: 1,000, 2,000, 3,000 மி.மீ. என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன? எங்கள் ஊர் மழைக்கு எவ்வளவு வேண்டும்?

துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் மறுபக்கம் கசியத் தொடங்கும் என்ற அளவு. மழைத்துணிக்கு 1,500–2,000 போதும். தரைக்கு 3,000-க்குக் குறையக் கூடாது. ஈரத் தரையில் முழங்கால் ஊன்றும்போது விழும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு.

எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தையல் ஓட்டை வழியே தண்ணீர் வந்துவிடும். உள்பக்கம் தையல் நெடுகக் கண்ணாடிபோல டேப் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வாங்கியதும் மாடியில் நட்டு, ஹோஸ் பைப்பால் இருபது நிமிடம் தண்ணீர் அடித்து, உள்ளே டார்ச்சோடு ஆள் உட்கார்ந்து பாருங்கள். கசியும் தையலுக்கு பாலியூரித்தேன் வகை சீலர் தடவலாம். ஹார்டுவேர் கடை சிலிக்கான் இந்தத் துணியில் பிடிக்காது, காய்ந்ததும் உரிந்து வரும்.

மறுபடி நாகர்கோவில்: அடியில் தார்ப்பாய் விரித்தும் தரை நனைகிறதே அண்ணா?

தார்ப்பாய் டென்ட்டைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழைத்துணியில் வழியும் தண்ணீர் அதில் விழுந்து, அடியிலேயே குளம் கட்டும். நாலு பக்கமும் தரை விளிம்பிலிருந்து ஐந்து செ.மீ. உள்ளே இருக்கும்படி மடித்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து: நடும்போதே கம்பி பிளந்துவிட்டது. தரம் குறைவா?

கம்பியின் தடிமனைப் பாருங்கள். 4 பேர் அளவுக்கு ஃபைபர் கம்பி 9.5 மி.மீ.யாவது வேண்டும், விலை குறைந்தவற்றில் 7 அல்லது 8 வைத்திருப்பார்கள். நல்ல கம்பியும் உடைவதற்குக் காரணம் உண்டு: துண்டுகள் உலோக மூட்டுக்குள் முழுதாக இறங்குமுன் வளைப்பது. துணிக்குழலில் கம்பியைத் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும். மறுமுனையைப் பிடித்து இழுத்தால் உள்ளே மூட்டு கழன்றுவிடும். பிளந்த இடத்தில் பத்து செ.மீ. உலோகக் குழாயை நடுவாக ஏற்றி, இரு முனையிலும் டேப் சுற்றினால் அந்த இரவு ஓடிவிடும். வெறுங்கையால் தடவாதீர்கள், சிலாம்பு ஏறும்.

தர்மபுரியிலிருந்து: செம்மண் தரையில் கூட வரும் ஆணி எல்லாம் வளைகிறது.

கட்டடக் கம்பி 8 மி.மீ. வாங்கி ஒரு அடி நீளத்தில் வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி மறுமுனையைக் கொக்கியாக வளைத்துத் தரச் சொல்லுங்கள். தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி அடியுங்கள். கடற்கரை மணலில் எந்த ஆணியும் நிற்காது. துணிப்பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி முழங்கை ஆழத்தில் புதைக்க வேண்டும்.

சென்னையிலிருந்து: தூக்கிப் போட்டால் தானே விரியும் டென்ட் எப்படி?

காருக்கு அருகில் ஒரு இரவு என்றால் சரி. மடிக்கும் முறையை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். வளையக் கம்பி உடைந்தால் மாற்றுவது கடினம்.

திண்டுக்கல்லிலிருந்து: டிசம்பரில் கொடைக்கானல் போகிறோம். குளிருக்கு உள்ளே கரி அடுப்பு வைக்கலாமா?

கூடவே கூடாது. கனல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கேஸ் அடுப்புக்கும் இதே பதில். குளிர் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். அடியில் ஒரு செ.மீ. ஃபோம் பாய் போடுங்கள், பிள்ளைகளுக்கு இரண்டாக. இன்னொன்று: காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் டென்ட் போடக் கூடாது. அனுமதி பெற்ற முகாம் இடத்திலும் ஓடை மணலை விட்டு மேட்டில் நடுங்கள். மேலே பெய்யும் மழைக்குக் கீழே வெள்ளம் வரும்.

புதுச்சேரியிலிருந்து: இரண்டு வருடம் பரணில் இருந்த டென்ட் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நாற்றமும் அடிக்கிறது. காப்பாற்ற முடியுமா?

முடியாது. உள்பூச்சு ஈரத்திலும் சூட்டிலும் சிதைந்துவிட்டது. கம்பியையும் ஆணியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டென்ட்டை முகாமிலிருந்து வந்த அன்றே நிழலில் விரித்து, தையல் மடிப்பு வரை காயவிட்டு, அது வந்த இறுக்கமான பையில் திணிக்காமல் பழைய வேட்டியில் தளர்வாகச் சுற்றி, பரணுக்குப் பதில் அலமாரியில் வையுங்கள்.