சுற்றுகிற ஃபேனுக்கு 0 ஏன்?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். வெப்பநிலையும் ஃபேன் வேகமும் காட்டும் சென்சார்ஸ் கட்டளை கொடுத்தால் பிராசஸர் ஃபேன் வேகம் சரியாக வருகிறது. கேபினெட்டின் பின்பக்க ஃபேனுக்கு மட்டும் எப்போதும் 0 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு). பக்கத்தில் அலாரம் வேறு. ஆனால் ஃபேன் கண்ணெதிரே சுற்றுகிறது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) 800 என்று காட்டுகிறது. சென்சார் சிப்புக்கான டிரைவர் டபிள்யூ83627ஹெச்எஃப். புது ஃபேன் வாங்கிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். பயாஸ் 800 காட்டுகிறது என்றாலே ஃபேன், ஒயர், போர்டில் ஃபேன் வேகத்தை அளக்கும் சிப் மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு கணக்கில்தான்.

ஃபேனின் மூன்றாவது ஒயர் வழியாகச் சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும். அதை வைத்து, ஒரு சுற்று முடிவதற்குள் தன் உள் கடிகாரம் எத்தனை தடவை தட்டியது என்று சிப் எண்ணுகிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எண்ணிக்கை ஏறும். உங்கள் சிப்பில் அந்த எண்ணுக்கு 8 பிட் இடம்தான் உண்டு. 255-ஐத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எண்ண வழியில்லை. டிரைவர் 0 என்று சொல்லிவிடும். ஃபேன் நின்றுபோனாலும் இதே 0 தான், அதனால்தான் இத்தனை குழப்பம்.

கடிகாரத்தை மெதுவாக்க ஒரு வகுத்தி இருக்கிறது. 13,50,000-ஐ எண்ணிக்கையாலும் வகுத்தியாலும் வகுத்தால் வருவது வேகம். வகுத்தி 2 ஆக இருந்தால் சுமார் 2,650-க்குக் கீழே எதுவும் தெரியாது. 4 என்றால் 1,320. 8 வைத்தால் 660 வரை இறங்கலாம். உங்கள் 800-க்கு எண்ணிக்கை 211 வரும், தாராளமாக அடங்கும். 16-க்குப் போகாதீர்கள், அளவீடு கரடுமுரடாகிவிடும்.

ஈடிசி அடைவுக்குள் சென்சார்ஸ்.டி என்ற கோப்புறை இருக்கும். அதில் புதுக் கோப்பு ஒன்று தொடங்கி, முதல் வரியில் ‘சிப்’ என்ற சொல்லும் மேற்கோள் குறிக்குள் சிப்பின் பெயரும், அடுத்த வரியில் ‘செட் ஃபேன்2_டிவ் 8’ என்றும் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். டிவ் என்பதுதான் வகுத்தி (உங்கள் போர்டில் பின்பக்க ஃபேன் எந்த எண்ணோ அந்த எண்). ஃபேன்2_மின் (மினிமம், அதாவது வேகம் இதற்குக் கீழே போனால் அலாரம்) மதிப்பையும் அதேபோல் 700 ஆக்கிவிடுங்கள், அலாரம் அடங்கும். அப்புறம் ரூட் உரிமையோடு ‘சென்சார்ஸ் -எஸ்’ கொடுத்தால் போதும். பயாஸ் சொல்வதற்கும் இதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம்.

புதிய சிப்களில் இந்தத் தொல்லை குறைவு. அவற்றில் பலவற்றுக்கான என்சிடி6775 டிரைவர் தேவைப்படும் இடத்தில் வகுத்தியைத் தானே மாற்றிக்கொள்ளும். அங்கே வேகம் சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வந்தால், சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்ற அமைப்பைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் ‘ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லாக்ஸ்’ என்று பூட் வரியில் (லினக்ஸ் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் கட்டளை வரியில்) சேர்க்கச் சொல்வார்கள். டிரைவரே ஏறாமல் மறுக்கும்போது சிலர் கையாளும் வழி அது. உங்கள் டிரைவர் ஏறி வேலை செய்கிறது, உங்களுக்கு அது தேவையே இல்லை. அதைப் போட்டால் பயாஸின் நிரலும் டிரைவரும் ஒரே நேரத்தில் ஒரே சிப்பில் கை வைக்க நேரலாம். ஃபேன் கட்டுப்பாடே அந்தச் சிப்பிடம் இருக்கும்போது, ஓர் எண்ணைத் திரையில் பார்ப்பதற்காக அந்த ஆபத்தை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.