கார் கரை வரைக்கும் போகிறது, அதுதான் சிக்கல்

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. ரத்த அழுத்த மாத்திரை போடுகிறார். சிக்கிமில் உள்ள குருடோங்மார் ஏரியைப் பார்த்தே தீரணும் என்கிறார். கார் கரை வரைக்கும் போகுமே, அப்புறம் என்ன பயம் என்று என்னையே கேட்கிறார். கற்பூரம் முகர்ந்தால் மூச்சு சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் வேறு சொல்லியிருக்கிறார்கள். அழைத்துப் போகலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கார் போவதுதான் சிக்கலே. நடந்து ஏறுகிறவர்களுக்கு உடம்பு பழக நாலைந்து நாள் கிடைக்கும். இங்கே சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாச்சென் என்ற ஊரில் இருட்டோடு வண்டி ஏறினால், டிபன் நேரம் தாண்டுவதற்குள் 5,100 மீட்டருக்கு மேலே போய் நிற்பீர்கள். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படித்தான். தலைவலி, வாந்தி எல்லாம் வயது பார்த்து வருவதில்லை; திடகாத்திரமான பையன்கள்கூட சீட்டைவிட்டு இறங்காமல் திரும்புவது உண்டு.

முதலில் டாக்டரைப் பாருங்கள். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று அவர் சொல்லட்டும்; அது சல்ஃபா வகை, அம்மாவுக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் மறைக்காதீர்கள். அவர் சரி என்றால், லாச்செனில் ஒரு ராத்திரி என்று போட்டிருக்கும் பேக்கேஜை இரண்டு ராத்திரியாக மாற்றச் சொல்லுங்கள். கற்பூரம் மூக்கு திறந்த மாதிரி ஒரு உணர்வைத் தரும், அவ்வளவுதான், ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகமாகாது. வழியில் தாங்குவில் டீக்கு நிறுத்துவார்கள். அங்கேயே அம்மாவுக்குத் தலை வலித்தால் திரும்பிவிடுங்கள், கொடுத்த காசைப் பார்க்காதீர்கள். ஏரிக்கரையில் அரை மணி நேரம் போதும், மதியத்துக்கு மேல் காற்று ஆளைத் தள்ளும்.

ஏரிக்குப் போகத் தேவையான பெர்மிட்டை காங்டாக் ஏஜென்ட் வாங்கித் தருவார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அண்ணன் யாராவது கூட வருவதாக இருந்தால் காங்டாக்கிலேயே இருக்கட்டும், வெளிநாட்டவருக்கு அங்கே அனுமதி கிடையாது. 2023 அக்டோபர் வெள்ளத்தில் அந்தப் பக்கம் பாலங்களே போயின. கிளம்புமுன் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏரியில் குளிக்கலாமா? தீர்த்தம் எடுத்து வரலாமா?
- அதே வாசகி

பதில்: குளிக்க வேண்டாம், அந்தக் குளிரில் அம்மாவுக்கு அது ஆபத்து. குரு பத்மசம்பவர் தொட்ட இடம் மட்டும் பனிக்காலத்திலும் உறையாது என்பது பௌத்தர்கள் நம்பிக்கை. சீக்கியர்கள் குருநானக் என்பார்கள். அங்கேபோய் அந்த வழக்கை எடுக்காதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். கீழே வந்ததும் பாட்டில் நசுங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், மேலே அடைத்த காற்று இங்கத்திய அழுத்தத்தில் சுருங்கிவிடும்.