முடிவு தெரிஞ்ச கதைய எதுக்கு விழுந்து விழுந்து வாசிக்கிறாங்க? வரலாற்றுக் காதல் நாவல்கள்ல அப்படி என்னதான் இருக்கு?

கேள்விக்குக் கீழயே ஒரு வரி சேத்திருக்கீங்க, "ராஜராஜன் ராஜாவாவான்னு எல்லாருக்கும் தெரியும், வாதாபி எரியும்னும் தெரியும், வரலாறு வேணும்னா வரலாற்றுப் புத்தகம் வாசிக்கலாமே, எதுக்கு இத்தன ஆயிரம் பக்கம்?"னு. நியாயமான கேள்விதான். நான் எலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம், சின்ன வயசுல இருந்து இந்த மாதிரிக் கதைங்கள வாசிச்சும் காதால கேட்டும் வளந்தவ, அதனால எனக்குத் தோணுறத சொல்றேன்.

ராஜா கத நமக்குத் தெரியும். ராஜாவுக்குப் பக்கத்துல நின்னவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாது. வாசிக்கிறவங்க பக்கத்தத் திருப்புறது அந்த ரெண்டாவது விஷயத்துக்காகத்தான்.

தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜனோட அக்கா குந்தவை குடுத்த கொடைங்கள எல்லாம் வெட்டி வச்சிருக்காங்க. அதுல அவங்கள வல்லவரையர் வந்தியத்தேவரோட தேவின்னு ஒரு குறிப்பு வருது. அதோட சரி. இந்த ரெண்டு பேரும் எங்க சந்திச்சாங்க, யாரு மொதல்ல பேசினாங்க, அவ்வளவு பெரிய எடத்துப் பொண்ணு நாடில்லாத ஒருத்தன எப்படிக் கட்டிக்கிட்டா, எதுவும் கல்லுல கெடையாது. 1950ல தொடங்கி 1954 வரைக்கும் கல்கி வாரா வாரம் பொன்னியின் செல்வன் எழுதினாருன்னா அந்த ஒரு குறிப்புக்கு முன்னால இருக்கிற வெத்து எடத்துல பூந்துதான் எழுதினாரு. ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையும் இதே மாதிரிதான், உடையார்குடி கல்வெட்டுல சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு துரோகிங்க பேர் இருக்கு, ஏன் கொன்னாங்கன்னு இல்ல. ஏன்ங்கிற எடத்துல கல்கி ஒரு பொண்ண கொண்டாந்து நிப்பாட்டினாரு, நந்தினி. வாசிக்கிறவன் தூங்குவானா?

எங்க தேயிலத் தோட்டத்துல பெரியம்மா மொறையில ஒருத்தங்க இருந்தாங்க. வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதைய கிழிச்சி பைண்ட் பண்ணின தடிப் புத்தகங்க அவங்க லயத்துக் காம்பராவுல (தோட்டத்து வரிசை வீட்டு அறையில) மரப்பெட்டிக்குள்ள கெடக்கும். 70கள்ல இந்தியப் பத்திரிகைங்க இங்க வர்றதுக்குக் கட்டுப்பாடு வந்தப்ப அந்தப் பைண்ட் புத்தகத்துக்கு இருந்த மரியாத தங்கத்துக்கு இருக்காது, லயம் லயமா கை மாறும், திரும்பி வரும்போது நடுவுல நாலு பக்கம் காணாமப் போயிருக்கும். ராத்திரி குப்பி லாம்புல பெரியம்மா வாசிப்பாங்க, காலையில மலையில நெர புடிச்சி கொழுந்து எடுக்கும்போது மத்தவங்களுக்கு சொல்லுவாங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிங்க கூட பூங்குழலிய பக்கத்து லயத்துப் பொண்ணு மாதிரி பேசுவாங்களாம். வேலைய மேற்பாக்கிற கங்காணி கீழ இருந்து "கதயா கொழுந்தா?"ன்னு கத்துவாராம், ஆனா நிறுவைக்கு வந்து நிக்கும்போது "பெறகு அந்தப் புள்ளைக்கு என்னாச்சு?"ன்னு மெதுவா கேக்குறதும் அவருதானாம்.

கவனிங்க, சோழ சிம்மாசனம் யாருக்குன்னு யாரும் கேக்கல. பூங்குழலிங்கிற கோடிக்கரைப் படகுக்காரப் பொண்ணு ஈழத்துக்கும் சோழ நாட்டுக்கும் நடுவுல ஒத்தையா தோணி வலிக்கிறா, கடல்ல தத்தளிச்ச எளவரசன் அருள்மொழிவர்மன (பின்னால ராஜராஜன்) கரை சேக்கிறா, அவன் மேல ஆசையும் வைக்கிறா, அந்த எளவரசன் வேற பொண்ண கட்டப்போறான்னு ஊருக்கே தெரியும். இவ என்ன பண்ணுவா? (இனி கொஞ்சம் கத வெளிய வரும், வாசிக்காதவங்க இந்தப் பத்திய தாண்டிப் போங்க.) கடைசியில அவ கட்டிக்கிட்டது பூமால கட்டி சிவன் கோயிலுக்குக் குடுத்துக்கிட்டு இருந்த சேந்தன் அமுதன, அவன் யாருன்னு பாத்தா அங்க இன்னொரு முடிச்சு. மலையில இதுக்கு ரெண்டு கட்சி இருந்திச்சாம், நல்ல மனசுக்காரன் கெடச்சான்னு ஒரு கட்சி, என்னதான் இருந்தாலும் அது எளவரசனுக்குப் பதிலாத்தானேன்னு இன்னொரு கட்சி. எங்கம்மா இன்னைக்கும் ரெண்டாவது கட்சி. நான் மொதலாவது, அதனால வீட்டுல இந்தப் பேச்சு எடுக்கிறது இல்ல.

அடுத்த ருசி, தாமதம். இப்ப உள்ள காதல் கதையில ரெண்டு பேருக்கு நடுவுல பிரச்சினை வந்தா வாசிக்கிற எனக்கு "ஏன்டா ஒரு போன் எடுத்துப் பேசினா முடிஞ்சிச்சே"ன்னு தோணும். ஓல கொண்டு போறவன நடுவழியில புடிச்சிட்டா அடுத்த பருவக்காத்து வரைக்கும் சேதி கெடையாதுங்கிற காலத்துல அப்படித் தோணாது. முத்திரை மோதிரம், சுரங்கப் பாதை, மாறுவேஷம் எல்லாம் சாகசத்துக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, ரெண்டு பேரு சந்திக்கிறத தள்ளிப் போடுறதுக்கும் அதுதான் வேணும். கல்கியோட சிவகாமியின் சபதத்துல சாளுக்கியர் தலைநகர் வாதாபிக்குச் சிறை கொண்டு போன நாட்டியக்காரி சிவகாமி, வாதாபிய எரிச்சாத்தான் இந்த ஊர விட்டு வருவேன்னு சபதம் போட்டுட்டு உக்காந்துருவா. அவ காதலிக்கிற பல்லவ ராஜா மாமல்லன் (நரசிம்மவர்மன்) படை தெரட்டி வர வருஷக்கணக்காகுது. வாதாபி 642ல விழுந்திச்சுன்னு பாடப் புத்தகத்துல ஒரு வரியில இருக்கிறது நாவல்ல ஒரு பொண்ணோட எளமை கரைஞ்சு போற கணக்கு. அது எப்படி முடியும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா வாசிச்சு முடிச்சிட்டு கல்கி மேல கோவம் வராத ஆள நான் பாத்ததில்ல. நடுவுல ஒரு ஆச்சரியமும் இருக்கு. நரசிம்மவர்மன் கிட்ட வந்து தங்கியிருந்த மானவர்மன்னு எலங்கை எளவரசன் கதையிலயும் வருவான், வரலாறுலயும் அவன் நெசம், பல்லவப் படை ஒதவியோட வந்து இங்க ராஜாவானவன்.

இங்கிலீஷ்ல வர்ற ரீஜென்சி காதல் கதைங்களும் நான் வாசிப்பேன், நுவரெலியா பழைய புத்தகக் கடையில மலிவா கெடைக்கும். அங்கயும் இதே விளையாட்டுத்தான், விருந்துல ஒருத்தன் கூட ரெண்டு தடவைக்கு மேல ஆடினா ஊர் பேசும், கையுறைய கழட்டினாலே பெரிய விஷயம், அதனால ஒரு வெரல் பட்டாக்கூட ஒரு அத்தியாயம் போகும். ஆனா எனக்கு அதுல ஒரு உறுத்தல் உண்டு. ரீஜென்சின்னு சொல்றது இங்கிலாந்துல ராஜாவுக்குப் பதிலா எளவரசர் ஆட்சி நடத்தின காலம், 1811ல இருந்து 1820 வரைக்கும். 1815ல வாட்டர்லூ சண்டை, கதையில ஹீரோ அங்க இருந்து காயத்தோட திரும்பி வருவான், நாயகி கலங்குவா. அதே 1815ல இங்க கண்டிய வெள்ளைக்காரன் புடிச்சிட்டான். கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன பெறகு வேலூர் கோட்டைக்குக் கொண்டு போயி வச்சாங்க, 1832ல அங்கயே செத்தாரு. எந்த டியூக்கும் நடனத்துக்கு நடுவுல கண்டியப் பத்திப் பேச மாட்டான். உறுத்தினாலும் வாசிக்கிறத விட்டேனான்னா, விடல. அந்தக் கையுறை விஷயம் அவ்வளவு நல்லாருக்கும்.

சாண்டில்யனப் பத்தி சொல்லாம போனா சண்டைக்கு வருவீங்க. கடல் சண்ட, பாய்மரம், காத்துத் திசை, எந்தப் பக்கத்துல இருந்து கப்பல மடக்கணும்கிறதெல்லாம் அவரு கடல் புறாவுல எழுதுற மாதிரி யாரு எழுதுவாங்க, கடலே இல்லாத மலையில உக்காந்துகிட்டு நாங்க அலைய பாத்தது அவரால. ஆனா நாயகி வந்துட்டான்னா தல உச்சியில இருந்து கால் வரைக்கும் வர்ணன ஓடும் பாருங்க, அதுக்குள்ள எதிரி கோட்டைய தாண்டி வந்துருவான். ஒரு பொம்பளையா அந்தப் பக்கங்கள நான் தள்ளிட்டுப் போயிருவேன். என் தம்பி தள்ள மாட்டான். ஆளுக்கொரு காரணம்.

எங்களுக்குன்னு தனியா ஒரு சந்தோஷம் இருக்கு, கத நடக்கிற எடம் பஸ்ஸுல போற தூரத்துல இருக்கிறது. அருள்மொழிவர்மன் சுத்தின தம்புள்ள, அனுராதபுரம் எல்லாம் எங்களுக்கு ஸ்கூல் டிரிப் போற எடம். கொஞ்ச காலத்துக்கு முன்ன ஒபிஸ்ல பொலன்னறுவைக்கு டிரிப் போனோம். வானவன் மாதேவி ஈஸ்வரம்னு சோழர் கட்டின கல் கோயில் அங்க இன்னும் நல்லா நிக்குது, நான் வாயப் பொளந்துகிட்டு நிக்கிறேன், என்கூட வேல செய்யிற சிங்களத் தங்கச்சி ஒண்ணு சிரிச்சிக்கிட்டே "அக்கே, இவங்கதானே எங்க ராஜாவ தூக்கிட்டுப் போனாங்க"ன்னா. சரிதான், 1017ல அஞ்சாம் மகிந்தர ராஜராஜன் மகன் ராஜேந்திரனோட படை புடிச்சிக்கிட்டுப் போனது, அவரு திரும்பி வரவே இல்ல. அவளுக்கு ஹீரோ 1070ல சோழர வெரட்டின விஜயபாகு. எனக்குச் சின்ன வயசுல இருந்து ஹீரோ ராஜேந்திரன். ஒரே கோயிலுக்கு முன்னால ரெண்டு பேரும் ரெண்டு கதைய வச்சிக்கிட்டு நிக்கிறோம், கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்திச்சு. பெறகு பஸ்ஸுல அவளுக்கு வேங்கையின் மைந்தன் கத சொன்னேன், அகிலன் எழுதினது, 1963ல சாகித்திய அகாதமி பரிசு வாங்கினது. பாண்டியர் மணிமுடி இங்க தெக்குப் பக்கம் ரோகணத்துல ஒளிச்சி வச்சிருக்கு, அத எடுக்க சோழப் படை வருது, வந்த கொடும்பாளூர் இளங்கோவும் மகிந்தரோட மக ரோகிணியும் ஒருத்தர ஒருத்தர் விரும்பித் தொலைக்கிறாங்க. அப்பன் ராஜ்யத்த புடிக்க வந்தவன் மேல ஆசை. தங்கச்சி சாப்பாட்டுப் பார்சல மடியில வச்சிக்கிட்டு, யாரு ஜெயிச்சதுன்னு கேக்கல, "அந்தப் பொண்ணு யாரு பக்கம் நின்னா?"ன்னுதான் கேட்டா. ஹபரணை தாண்டுற வரைக்கும் அதே பேச்சு.

இவ்வளவு சொன்ன பெறகு ஒரு கொறையும் சொல்லியாகணும். எங்க மலையில நடந்ததுக்கு இப்படி ஒரு கத போதுமான அளவுக்கு வரல. கண்டி ராஜாக்களுக்கு மதுரையில இருந்து பொண்ணு எடுத்தாங்க, 1739ல இருந்து நாயக்கர் வம்சமே அந்த சிம்மாசனத்துல உக்காந்திச்சு. மதுரையில பொறந்த பொண்ணு கடல் தாண்டி, காடு தாண்டி, குளுர் ஊருக்கு வந்து, பாஷ தெரியாத அரண்மனையில எப்படி வாழ்ந்திருப்பா? ராஜா ராணி வேணாம்னா எங்க ஆளுங்க இருக்காங்க, கோப்பி காலத்துல மன்னார்ல எறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியா நடந்தவங்க, வழியிலயே செத்தவங்க எத்தனையோ. அதுலயும் ஒருத்தன் ஒருத்திக்குத் தண்ணி மொண்டு குடுத்திருப்பான்தானே. ராஜாவுக்குக் கல்வெட்டு, எங்களுக்குச் செக்ரோல் (தோட்டத்துப் பேர்ப் பதிவேடு), ரெண்டுலயும் மனசுக்கு எடமில்ல. பாட்டுல இருக்கு, சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள பொரட்டினா காதல், ஏச்சு, நக்கல் எல்லாம் கெடக்குது, யாராவது எடுத்து நாவலாக்கணும். அதவிட கிட்டத்துல இருக்கிறது எங்க தோட்டத்து ஆளுங்க பிரஜாவுரிமையப் பத்தி இந்தியாவும் எலங்கையும் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கன்னு ரெண்டு பிரதமரும் பிரிச்சாங்க. ஒரே லயத்துல அவனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், அவளுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை, தலைமன்னார் கோச்சி ஏறினா முடிஞ்சிச்சு. இப்ப அதுவும் வரலாறுதானே, அறுவது வருஷம் ஓடிப்போச்சு. எங்க அப்பாயி காலத்து ஆளுங்க கிட்ட கேட்டா இதுல ஒவ்வொருத்தருக்கும் யாரையாவது தெரியும், பேர மட்டும் சொல்ல மாட்டாங்க.

பொய்ய வாசிச்சு என்ன லாபம்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க. இது நாவல்னு தெரிஞ்சே வாசிக்கிறவனுக்கு நஷ்டமில்ல. நாவல்ல உள்ளத வரலாறுன்னு நெனைச்சி பேஸ்புக்ல சண்ட போடுறவங்களாலதான் தொல்ல, நந்தினிக்கு ஆதாரம் கேட்டா கோவிச்சுக்கிறாங்க.

எதுல தொடங்குறதுன்னு கேட்டா பார்த்திபன் கனவு. கல்கியோட மூணு பெரிய வரலாற்றுக் கதையில இதுதான் சின்னது, கைதியா கொண்டு போற சோழ எளவரசன பல்லவ ராஜா மக தெருவுல பாக்குறா, அங்க புடிக்கிற கத அப்படியே போகும், அந்தச் சிவனடியார் யாருன்னு நீங்க பாதியிலயே கண்டுபிடிச்சிருவீங்க, பரவால்ல. அது ஒத்து வந்தா மத்ததுக்குப் போங்க. லைப்ரரியில எடுக்கிறதா இருந்தா ஒண்ணு மட்டும் செய்யுங்க, பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் அலுமாரியில இருக்கான்னு பாத்துட்டு மொத பாகத்த எடுங்க. எங்க டவுன் லைப்ரரியில மூணாம் பாகம் யாரோ கொண்டு போயி இன்னும் குடுக்கல.