பாதியில் நிறுத்தப்படும் பாட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் லண்டன் நாட்களைப் பற்றிய கட்டுரையில் கிரைம் (grime) என்ற லண்டன் இளைஞர்களின் இசையை ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதங்களாகக் கேட்டுவருகிறேன். டிஸ்ஸி ராஸ்கல், ஸ்கெப்டா, ஸ்டார்ம்ஸி ஆகியோரின் ஆல்பங்கள் பிடித்திருக்கின்றன, சொற்களில் பாதி புரியாவிட்டாலும். ஆனால் எல்லோரும் கொண்டாடும் பழைய வானொலிப் பதிவுகளை என்னால் பத்து நிமிடங்களுக்கு மேல் கேட்க முடியவில்லை. ஒரே இரைச்சல், நான்கைந்து பேரின் கூச்சல், நல்ல இடம் வந்ததும் பாட்டை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து போடுகிறார்கள். இவற்றைச் சுத்தம் செய்த பதிப்புகள் உண்டா? இது வன்முறையைத் தூண்டும் இசை என்றும் படித்தேன். இந்த இசையின் முன்னோடியான, ஆனால் யூதர்களை இழிவாகப் பேசிய வைலியைக் கேட்கலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. லண்டன் பாடகி எம்.ஐ.ஏ. நம் தமிழ்ப் பெண் என்பதால் அவரிடமிருந்து தொடங்கலாமா? வரிசையாகக் கேட்கப் பத்து ஆல்பங்களைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நல்ல இடம் வந்ததும் பாட்டை நிறுத்திவிடுகிறார்கள் என்று குறைபட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன். என்னிடம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் ஓர் ஒலிநாடாவை, அது மக்கிப்போவதற்குள் கணினிக்கு மாற்றிவிடலாம் என்று சென்ற மாதம் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்தேன். 2003-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், கிழக்கு லண்டனில் உரிமம் இல்லாமல் இயங்கிய பைரேட் வானொலி ஒன்றிலிருந்து பதிவு செய்யப்பட்ட நாடா அது. 45 நிமிடம் ஓடவேண்டிய பக்கம் 38 நிமிடமாகத் திரும்பி வந்தது. கேட்டதற்கு, நாடா பல இடங்களில் சிக்கித் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது, அவற்றையெல்லாம் வெட்டிச் சரிசெய்துவிட்டேன் என்றார் அந்த இளைஞர். அவர் வெட்டியவைதான் அந்த நாடாவின் உயிர். அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் இந்த இசையைக் கேட்டதே இல்லை. நீங்கள் மூன்று மாதங்களாகக் கேட்கிறீர்கள். ஆகவே உங்களிடம் கோபித்துக்கொள்ளலாம்.

மற்றக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். எம்.ஐ.ஏ.வைத் தாராளமாகக் கேளுங்கள். தெற்கு லண்டனின் மிட்சம் குடியிருப்பில் வளர்ந்த அந்தப் பெண், ரோலண்டு எம்.சி.505 என்ற மின்னணு இசைக் கருவியோடு பாடல்கள் செய்யத் தொடங்கி, 2005-இல் தன் தந்தையின் பெயரையே தலைப்பாக வைத்து 'அருளர்' ஆல்பத்தை வெளியிட்டார். அது தன்னளவில் அருமையான ஆல்பம். ஆனால் அது கிரைம் இல்லை. பக்கத்து வீதியில் நடந்த வேறொன்று. தமிழர் என்பதற்காக மட்டும் ஒருவரிடமிருந்து தொடங்குவது அவருக்கும் மரியாதை இல்லை, நீங்கள் தேடிப் போகும் இசைக்கும் மரியாதை இல்லை. வைலி 2020-இல் யூதர்களைப் பற்றி எழுதியவை வெறுக்கத்தக்கவை, அவற்றுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 2002-இல் அவர் செய்த 'எஸ்கிமோ' என்ற இசைத்தட்டு இல்லாமல் இந்த இசையின் வரலாற்றை எழுதவும் முடியாது. இரண்டையும் சேர்த்தே நான் சுமக்கிறேன். உங்களால் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சொற்கள் புரியாதது ஒரு குறையே இல்லை, புரியும்போது புரியட்டும்.

வன்முறை பற்றிய கேள்விக்குத் தமிழ் எழுத்தும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். குற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இந்த இசையின் பெயரையும் நாம் ஒரேமாதிரி எழுதிவிடுகிறோம். இந்த இசையின் பெயருக்குப் பொருள் சுவரிலும் தோலிலும் ஒட்டிப் படிந்த கரியழுக்கு. லண்டன் பெருநகரக் காவல்துறையும் ஏறத்தாழ இந்தக் குழப்பத்தோடுதான் நடந்துகொண்டது. 2005-இல் அவர்கள் கொண்டுவந்த '696' என்ற படிவம், இரவு விடுதியில் நிகழ்ச்சி நடத்துபவரிடம் பாடப்போகிறவர்களின் பெயர், முகவரிகளை மட்டுமல்லாமல், எந்த வகை இசை, வரப்போகிறவர்கள் எந்த இனத்தவர் என்றும் தொடக்கத்தில் கேட்டது. கத்திக்குத்து நடந்த இரவுகள் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கறுப்பின இளைஞர்களின் இசை என்பதாலேயே நிகழ்ச்சிகள் ரத்தான இரவுகளும் ஏராளம். 2017 நவம்பரில்தான் அந்தப் படிவத்தைக் கைவிட்டார்கள். வானொலியிலேயே பிறந்து வளர்ந்த ஓர் இசை, மேடை மறுக்கப்பட்டபோது இன்னும் இறுக்கமாக அந்த வானொலியையே பற்றிக்கொண்டது. உங்களால் பத்து நிமிடங்களுக்கு மேல் கேட்க முடியாத அதே வானொலியை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிரைம் ஏறத்தாழ நிமிடத்துக்கு 140 துடிப்புகளில் ஓடுகிறது. நான்கு துடிப்புகள் ஒரு பார். இந்தக் கணக்கில் 8 பார் கடந்துபோக 14 வினாடிகளுக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். 2002-இல் மியூசிக்கல் மாப் என்ற பெயரில் வந்த 'பல்ஸ் எக்ஸ்' என்ற இசைத்தட்டைத் தேடிக் கேளுங்கள். அதில் ராகமும் இல்லை, பாட்டும் இல்லை; இரண்டு தாளத் துண்டுகள் 8 பாருக்கு ஒருமுறை மாறி மாறி வருகின்றன, அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் ஏழையாகத் தெரியும் அந்த அமைப்பு, ஐந்து பேர் ஒரு சிறிய அறையில் ஒரே மைக்கைச் சுற்றி நின்றபோது எதற்காகப் பிறந்தது என்று விளங்கியது: ஒவ்வொருவருக்கும் 14 வினாடி, அதற்குள் சொல்லவேண்டியதைச் சொல்லி, அடுத்தவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முந்தைய கராஜ் என்ற நடன இசையில் எம்.சி., அதாவது மைக் பிடித்துச் சொல்லடுக்குபவர், பெரும்பாலும் டி.ஜே.யைப் புகழ்ந்து கூட்டத்தை உற்சாகப்படுத்துகிறவராகவே இருந்தார். இங்கே அவர் நடுவுக்கு வந்தார், அதுவும் பதினாறு, பதினேழு வயதில், பள்ளிச் சீருடையைக் கழற்றிய சில மணி நேரத்தில். நீங்கள் கூச்சல் என்று எழுதுவது இந்த வரிசையைத்தான். வரிசையைக் காதில் பிடித்துவிட்டால், ஒவ்வொரு குரலும் தனித்தனி ஆளாக எழுந்து நிற்கும்.

அந்த 14 வினாடியில் ஒருவன் யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொல்லிவிடுகிறான். அறையில் இருப்பவர்கள் சுவரை அறைகிறார்கள். டி.ஜே. சுழலும் தட்டின் மேல் விரல்களை வைத்துப் பின்னோக்கி இழுக்கிறார். ஊசிக்கடியில் முழு இசையும் ஒரு கிறீச்சிடலாகச் சுருண்டு முதலுக்குத் திரும்புகிறது. இதற்கு ரீலோடு என்று பெயர், வீல் அப் என்றும் சொல்வார்கள். ஜமைக்காவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி நடத்தும் சவுண்டு சிஸ்டம் விருந்துகளில் பிறந்து, கரீபியக் குடியேறிகளோடு பிரிட்டனுக்கு வந்து, தொண்ணூறுகளின் ஜங்கிள் என்ற வேகமான நடன இசையின் இரவுகளைக் கடந்து, இந்தப் பிள்ளைகளிடம் சேர்ந்த வழக்கம் அது. அந்த இடத்தில் அந்தப் பாட்டு முடிந்துவிட்டதாகப் பொருள் கொள்ள வேண்டும். அதற்கு மேல் அது சொல்லவேண்டியது ஒன்றும் இல்லை, ஏனென்றால் கேட்டவர்கள் நிறைந்துவிட்டார்கள். டி.ஜே. கையில் இருப்பது பல நேரங்களில் டப்பிளேட், அதாவது இன்னும் வெளிவராத பாட்டை ஒரே ஒரு பிரதியாக வெட்டிக்கொண்ட தட்டு. அலுமினியத்தின் மேல் மென்மையான அரக்குப் பூச்சு கொண்ட அந்தத் தட்டு சில டஜன் முறை ஓடினாலே தேயத் தொடங்கிவிடும். அதைத் தெரிந்துகொண்டே இழுத்து முதலிலிருந்து போடுகிறார்கள். சுத்தமான பதிப்பு உண்டா என்று கேட்டீர்களே, எதை நீக்கச் சொல்கிறீர்கள் என்று இப்போதாவது யோசித்துப் பாருங்கள். ஆல்பத்தில் ரீலோடு கிடையாது, ஏனென்றால் ஆல்பம் பதிவாகும் அறையில் கேட்பவர் கிடையாது.

வானொலியில் கேட்பவர் எப்படி இருக்க முடியும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் ஒரு பையனிடம் வருகிறேன்.

அப்போது நான் கிழக்கு லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வார இறுதியில் என்னோடு வேலை செய்தவன் அங்கேயே போ (Bow) என்ற பகுதியைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன். தாத்தா ஜமைக்காவிலிருந்து வந்தவர். அவன் ஒரு சின்ன வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து, சிகரெட் அடுக்கின் மேல் வைத்து, கம்பியைக் கண்ணாடியோரமாகச் சுற்றி விட்டு, ஓர் அங்குலம் அப்படியும் இப்படியும் நகர்த்தி நிலையத்தைப் பிடிப்பான். எனக்கு அது முதல் மாதம் முழுக்கத் தலைவலியாகவே இருந்தது, உங்களுக்கு இப்போது இருப்பதைப்போலவே. என்ன சொல்கிறார்கள் என்று அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவன், முதலில் யார் சொல்கிறார்கள் என்று கேளுங்கள், என்ன சொல்கிறார்கள் என்பது பிறகு வரும் என்றான். அதற்குப் பிறகு எனக்குக் குரல்கள் பிரிந்தன.

நிகழ்ச்சி நடக்கும்போது எம்.சி.கள் ஒரு கைப்பேசி எண்ணைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மிஸ்டு கால் என்றால் என்னவென்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாட்டு பிடித்தால் அந்த எண்ணை அழைத்து, ஒருமுறை ஒலித்ததும் துண்டித்துவிட வேண்டும். காசு செலவில்லை. ஸ்டுடியோவில் மேசைமேல் கிடக்கும் பேசி அடுத்தடுத்து ஒளிர்ந்தால், ஊர் முழுக்க அந்தப் பாட்டை மறுபடி கேட்கிறது என்று பொருள்; தட்டு பின்னோக்கி இழுபடும். அழைத்தவர்களுடைய எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை எம்.சி. மைக்கில் வாசிப்பார். முகமும் பெயரும் இல்லாமல், மூன்று இலக்கங்களாக, படுக்கையறைகளிலும் நிறுத்திவைத்த கார்களிலும் எங்கள் பெட்ரோல் நிலையத்திலும் இருந்தவர்கள் அந்த அறைக்குள் போய் நின்றார்கள். வானொலியோடு இப்படிப் பேசிக்கொண்ட ஒரு கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த அறைக்காக அவர்கள் கொடுத்த விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒலிபரப்புக் கருவியை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொட்டைமாடியில் ஏற்றிக் கட்டுவார்கள், அதிகாரிகள் வந்து பிடுங்கிப் போவார்கள், மறுபடி ஏற்றுவார்கள். ரின்ஸ் எஃப்.எம். நிலையத்தை 1994-இல் தொடங்கியவர்களில் ஒருவரான டி.ஜே. ஸ்லிம்ஸி, 2005-இல் தன் பகுதியிலுள்ள நான்கு மாடிக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தின் கூரைக்கும் போகக் கூடாது என்று நீதிமன்றத் தடை பெற்றார். அதே ரின்ஸுக்கு 2010-இல் உரிமம் கிடைத்தது. இரைச்சல் என்று நீங்கள் எழுதும் அந்தக் கொரகொரப்பு, அப்படி ஒரு கூரையிலிருந்து இரவோடிரவாக வந்த காற்றின் தடம். அதை நீக்கிக் கேட்க உங்களுக்கு மனம் வந்தால், நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று. கடிதத்தின் அடியில் எல்லாவற்றையும் கைப்பேசியின் ஒலிபெருக்கியில்தான் கேட்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதை இங்கே வெளியிடாமல் விட்டதற்கு உங்கள் மேல் உள்ள பிரியமே காரணம். இந்த இசையின் அடித்தளமான பேஸ் ஒலி 50 ஹெர்ட்ஸ் அளவில் நடமாடுவது. உங்கள் கைப்பேசியால் அதை எழுப்பவே முடியாது. வைலி தன் பாட்டுகள் சிலவற்றில் தாளத்தையே எடுத்துவிட்டு, பேஸையும் சில ஒலிகளையும் மட்டும் விட்டு, டெவில் மிக்ஸ் என்று பெயரிட்டு வெளியிட்டிருக்கிறார். அவற்றை உங்கள் கைப்பேசியில் போட்டால் ஏதோ கண்ணாடிச் சொட்டுகள் விழுவதுதான் கேட்கும். தெற்கு லண்டனின் குரோய்டனில் இதே 140 வேகத்தில், இதே ஆண்டுகளில் உருவான டப்ஸ்டெப் என்ற இசைக்கும் இது பொருந்தும். பேஸை உடம்பில் வாங்காதவருக்கு அங்கே கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. யாரிடமாவது இரவல் வாங்கியாவது காதை முழுதாக மூடும் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

பத்து ஆல்பங்கள் கேட்டிருந்தீர்கள். தரமாட்டேன். 2003-இல் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசு பெற்ற டிஸ்ஸியின் 'பாய் இன் டா கார்னர்' உங்களிடம் இருக்கிறது. தன் பள்ளியின் இசை அறைக் கணினியில் தொடங்கிய ஒரு பையன் இருபது வயதுக்கு முன் செய்த அந்த ஆல்பத்தை நானும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். ஆனால் அடுத்த ஒரு மாதத்துக்கு அதைத் தொடாதீர்கள். சைட்வைண்டர் என்ற நடன இரவுகளை நடத்தியவர்களின் ஒலிநாடாத் தொகுப்புக்காக 2002-இல் ஸ்லிம்ஸி தட்டுகளைச் சுழற்ற, டிஸ்ஸியும் வைலியும் மைக் பிடித்த பதிவைத் தேடி எடுங்கள். நடுவில் நிறுத்தாமல், ஒரே அமர்வில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். குரல்கள் பிரிந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.

அந்த நாடாவைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. அதைப் பதிவு செய்து எனக்குக் கொடுத்தவன் அந்தப் பையன்தான். ஒரு ஞாயிறு இரவு, பம்புகளில் வண்டி எதுவும் இல்லாத நேரத்தில், அவனுடைய மூன்று இலக்கங்களை முதல்முறையாக வாசித்தார்கள். கல்லா மேசையை இரண்டு கைகளாலும் அறைந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி, காலியான நிலையத்தைச் சுற்றி ஒருமுறை ஓடிவிட்டு உள்ளே வந்தான். வீட்டில் அவன் தம்பி அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டிருந்தான். அதன் பிரதி ஒன்றை அடுத்த வாரம் எனக்குக் கொண்டுவந்தான். இலக்கங்களை வாசித்தது தட்டு பின்னோக்கி இழுபடும் இடைவெளியில். ஒலிப்பதிவுக் கூடத்து இளைஞர் வெட்டியதில் அதுவும் போயிருந்தது. நாடாவைத் திரும்ப எடுத்துச்சென்று, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, 45 நிமிடங்களும் எதையும் தொடாமல் ஓடவிட்டு மறுபடி பதிவு செய்தோம். இருபத்திரண்டாவது நிமிடத்தில் அந்த மூன்று இலக்கங்கள் வந்தபோது, அவரை நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை முதலிலிருந்து போடச் சொன்னேன்.