வாசகர் கேள்வி – பதில்: மாண்ட்ரியல், ஆற்றுத் தீவில் ஒரு பிரெஞ்சு நகரம்

சென்ற இதழில் கனடாவின் மொழிகள் பற்றி வெளியான கட்டுரையைப் படித்த வாசகர்கள், அதில் ஓரிரு வரிகளில் மட்டுமே பேசப்பட்ட மாண்ட்ரியல் நகரத்தைப் பற்றி விரிவாக எழுதுமாறு கேட்டிருந்தார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: மாண்ட்ரியலைத் தீவு நகரம் என்கிறீர்கள். வரைபடத்தில் பார்த்தால் கடல் வெகு தொலைவில் இருக்கிறதே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அது கடல் தீவு அன்று, ஆற்றுத் தீவு. பேரேரிகளின் நீரைச் சுமந்துகொண்டு அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கிச் செல்லும் செயின்ட் லாரன்ஸ் ஆறும், மேற்கிலிருந்து வரும் ஒட்டாவா ஆறும் கூடும் இடத்தில் பல தீவுகள் உள்ளன. அவற்றுள் பெரியது மாண்ட்ரியல் தீவு. அதன் நீளம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மிக அகன்ற இடத்தில் அகலம் 16 கிலோமீட்டர்.

கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளியிருக்கும் ஓரிடத்தில் பெருநகரம் எழுந்ததற்குக் காரணம் ஆறுதான். தீவின் தென்கரையை ஒட்டிய லஷீன் பகுதியில் ஆறு பாறைகளின் மேல் சரிந்து கொந்தளித்து ஓடுவதால், கடலிலிருந்து வந்த கப்பல்கள் அதற்கு மேல் செல்ல முடியவில்லை. சரக்கை இறக்கிக் கரை வழியாகச் சுமந்து சென்று, கொந்தளிப்பைத் தாண்டிய பிறகு மீண்டும் படகில் ஏற்ற வேண்டியிருந்தது. அப்படிச் சரக்கு கைமாறும் இடத்தில் கிடங்குகளும் வணிகர்களும் பிறகு வங்கிகளும் பெருகியது இயல்பே. 1825 இல் திறக்கப்பட்ட லஷீன் கால்வாய் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்தது. அதன் கரைகளில் ஆலைகள் வரிசையாக எழுந்தன. 1959 இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறக்கப்பட்ட பிறகு பெரிய கப்பல்கள் நகரில் நிற்காமலேயே பேரேரிகளுக்குச் செல்லத் தொடங்கின. கால்வாயோரத் தொழிற்சாலைப் பகுதிகள் தேய்ந்தன. நகரத்தை வளர்த்ததும் அதன் ஒரு பகுதியைத் தளரச் செய்ததும் ஒரே நீர்வழி என்பது என் கருத்து.

தீவு முழுவதும் ஒரே நகராட்சி என்று எண்ணிவிட வேண்டாம். மாண்ட்ரியல் அமைந்துள்ள கியூபெக் மாநிலத்தின் அரசு 2002 இல் தீவின் எல்லா ஊர்களையும் ஒன்றாக இணைத்தது. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டபின் 15 ஊர்கள் 2006 இல் மீண்டும் பிரிந்தன. 2021 கணக்கெடுப்பின்படி மாண்ட்ரியல் மாநகரில் மட்டும் ஏறக்குறைய 17 லட்சத்து 60 ஆயிரம் பேரும், தீவு முழுவதிலும் சுமார் 20 லட்சம் பேரும் வாழ்கிறார்கள்.

நகரின் நடுவே 233 மீட்டர் உயரத்தில் நிற்கிறது மோன் ருவாயால் குன்று. நகர மையத்தில் எந்தக் கட்டடமும் அந்தக் குன்றின் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது நகராட்சி விதி. தொழிலதிபர்களும் நிலத்தரகர்களும் நிறைந்த ஒரு நகரம் இவ்வளவு காலம் இந்த விதியைக் காத்துவருவதை நான் மதிக்கிறேன். குன்றின் மேலுள்ள பூங்காவை வடிவமைத்தவர் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஓம்ஸ்டெட். அது 1876 இல் திறக்கப்பட்டது.

புதிதாகப் போகிறவர்கள் திசையில் குழம்பாமல் இருக்க ஒரு செய்தி. இங்கே தெருக்கள் ஆற்றை ஒட்டி அமைந்தவை. ஆறோ தீவின் அருகே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. உள்ளூர் மக்கள் ‘வடக்கு’ என்று காட்டுவது உண்மையில் பெரும்பாலும் மேற்குப் பக்கம் சாய்ந்த திசை. கோடையில் சூரியன் அவர்களுடைய ‘வடக்கில்’ மறைகிறது.

கேள்வி: பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பு அந்தத் தீவில் யார் வாழ்ந்தார்கள்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: 1535 இல் பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்த்தியே அங்கே சென்றபோது, மக்காச்சோள வயல்கள் சூழ, மரவேலி கட்டிய ஓஷெலாகா என்னும் ஊரைக் கண்டார். அங்கு வாழ்ந்தவர்கள் இரோக்குவா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மக்கள். நகர நடுவிலுள்ள குன்றுக்கு மோன் ருவாயால், அதாவது ‘அரச மலை’ என்று பெயரிட்டவரும் அவரே. நகரத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக் கடலோடி வந்தபோது அந்த ஊர் இல்லை. போரா, நோயா, இடப்பெயர்வா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு கிடையாது.

1642 இல் மெய்சொன்னோவ் என்ற படைவீரரும் ஷான் மான்ஸ் என்ற செவிலியும் தலைமையேற்று வந்து, வில் மரி என்ற சிறிய குடியேற்றத்தை அமைத்தார்கள். அதன் நோக்கம் வணிகம் அன்று, சமயப் பணி. முதல் மருத்துவமனையை நிறுவிய ஷான் மான்ஸை நகரின் இணை நிறுவனர் என்று நகராட்சி முறைப்படி அறிவித்தது 2012 இல்தான். 370 ஆண்டுகள் காத்திருக்க வைத்தது அநியாயம் என்றே சொல்வேன்.

1701 இல் இந்நகரில் கூடிய ஏறக்குறைய 40 பழங்குடி இனங்களின் பிரதிநிதிகள் பிரெஞ்சு ஆளுநருடன் பெரும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதற்காக அயராது உழைத்த வென்டாட் இனத் தலைவர் கொண்டியாரோங்க், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நாள்களிலேயே நோயுற்று இறந்தார். குன்றின் மேலிருந்து நகரத்தைப் பார்க்கும் பார்வை மேடைக்கு இன்று அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. மோஹாக் மக்களின் கானவாகே ஊர் இன்றும் ஆற்றின் தென்கரையில் உள்ளது. நகரக் கொடியில் பிரெஞ்சு, ஆங்கில, ஸ்காட்டிஷ், ஐரிஷ் மக்களைக் குறிக்கும் நான்கு மலர்களுக்கும் இலைகளுக்கும் நடுவே, பழங்குடி மக்களைக் குறிக்கும் வெள்ளை ஊசியிலை மரம் சேர்க்கப்பட்டது 2017 இல்.

கேள்வி: 1760 இலேயே ஆங்கிலேயர் கைக்குப் போன நகரம் அது. சுற்றிலும் ஆங்கிலம் பேசும் கண்டம். அங்கே பிரெஞ்சு எப்படி நிலைத்தது?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தானாக நிலைக்கவில்லை, நிலைநிறுத்தப்பட்டது. மாண்ட்ரியலைப் பற்றி ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகரம் 1760 இல் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்தது. 1774 ஆம் ஆண்டின் கியூபெக் சட்டம் கத்தோலிக்க சமயத்தையும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தையும் தொடர அனுமதித்தது. ஆனால் வணிகம் ஸ்காட்டிஷ், ஆங்கிலேய வணிகர்களின் கைக்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுமார் முப்பது ஆண்டுகள் இந்நகரில் ஆங்கிலம் பேசுவோரே பெரும்பான்மையினர். பிறகு சிற்றூர்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் எண்ணிக்கையை மீண்டும் மாற்றின. எண்ணிக்கை மாறினாலும் நிலைமை மாறவில்லை. தொழிலாளி பிரெஞ்சு பேசினார், முதலாளி ஆங்கிலம் பேசினார். மேலே வர விரும்பியவர் முதலாளியின் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. 1960களில் கூட்டாட்சி அரசு அமைத்த இருமொழி ஆணையம், கியூபெக்கின் இனவாரி வருமான வரிசையில் அம்மண்ணின் பெரும்பான்மையினரான பிரெஞ்சுக்காரர்களே கடைசிப் படிகளில் இருப்பதை எடுத்துக்காட்டியது.

அதே காலத்தில் இத்தாலி, கிரீஸ் முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள், வேலைவாய்ப்பை எண்ணித் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பிறப்பு விகிதமும் குறைந்துகொண்டிருந்த நிலையில், இப்படியே போனால் ஓரிரு தலைமுறைகளில் நகரம் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் பிரெஞ்சு மக்களிடையே எழுந்தது. செயின்ட் லெயோனார் பகுதியில் 1968–69 இல் பள்ளி மொழியை முன்னிட்டுப் பெரும் மோதலே நடந்தது. 1977 இல் கியூபெக் முதல்வர் ரெனே லெவெக்கின் அரசு பிரெஞ்சு மொழிச் சாசனத்தைக் கொண்டுவந்தது. குடியேறியவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிரெஞ்சு வழியில் படிக்க வேண்டும். பணியிடத்தின் பொது மொழி பிரெஞ்சாக இருக்க வேண்டும். கடைப் பலகைகள் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். பிரெஞ்சு மட்டுமே என்ற பலகை விதியை உச்ச நீதிமன்றம் 1988 இல் செல்லாது என்றது. பிற மொழிகளும் இருக்கலாம், பிரெஞ்சு மேலோங்கித் தெரிய வேண்டும் என்பது 1993 இலிருந்து நடைமுறை. 2022 இல் புதிய சட்டத்தால் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தன் தலைமையகத்தை டொரண்டோவுக்கு மாற்றுவதாக 1978 இல் அறிவித்தது. வேறு நிறுவனங்களும் ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் பலவும் வெளியேறின. கனடாவின் முதல் நகரம் என்ற இடம் டொரண்டோவுக்குப் போனது. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த ஆங்கிலேயச் சிறுபான்மையினரின் மனத்தாங்கலையும் நான் சிறிதாக எண்ணவில்லை. ஆயினும், தன் ஊரிலேயே தன் மொழியில் கடையில் பொருள் கேட்கவும் மேலதிகாரியிடம் பேசவும் தயங்கிய ஒரு சமூகம், அந்தத் தயக்கத்தை ஒரே தலைமுறையில் விட்டொழித்தது சட்டத்தின் துணையால்தான். இன்று நகரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டு மொழிகளும் தெரியும். 1821 இல் நிறுவப்பட்ட மக்கில் என்னும் ஆங்கிலப் பல்கலைக்கழகம் இன்றும் அங்கேயே இயங்கிவருகிறது.

கேள்வி: என் அக்காவின் பிள்ளைகள் மாண்ட்ரியலில் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே நம் ஆட்கள் எப்போது போய்ச் சேர்ந்தார்கள்? வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் அக்கா போன்றவர்கள் பெரும்பாலும் 1983க்குப் பிறகு சென்றவர்கள். 1986 ஆகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழரை மீன்பிடிக் கப்பல் தலைவர் ஒருவர் காப்பாற்றிக் கரை சேர்த்தது உலகச் செய்தியானது. அவர்கள் அடுத்த சில நாள்களிலேயே மாண்ட்ரியலுக்கும் டொரண்டோவுக்கும் சென்றார்கள். கோத் தே நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் ஆகிய பகுதிகளில் தமிழர் குடும்பங்கள் நிறைய வாழ்ந்தன. தீவின் மேற்கே தோலார் தே ஒர்மோ என்னும் ஊரில் திருமுருகன் கோயில் இருக்கிறது. ஆங்கிலம் ஓரளவு தெரிந்து வந்தவர்களுக்கு இன்னொரு மொழியைக் கற்பது சுமையாகப் பட்டதால், பல குடும்பங்கள் டொரண்டோவுக்கு இடம்பெயர்ந்தன. தங்கியவர்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும், வகுப்பில் பிரெஞ்சும், தெருவில் இரண்டோடு ஆங்கிலமும் பேசி வளர்கிறார்கள். பள்ளிப் பிரெஞ்சைக் கண்டு அஞ்ச வேண்டாம். வீட்டில் தமிழை விடாமல் பேசினாலே போதும்.

நகர மக்களில் மூவரில் ஒருவர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர். டுவாலியேயின் சர்வாதிகார ஆட்சிக்குத் தப்பி 1960களில் வந்த ஹெய்ட்டி மருத்துவர்களும் ஆசிரியர்களும், அவர்களுக்குப் பின் வந்த தொழிலாளர்களும் நகரின் வலுவான சமூகமாக இருக்கிறார்கள். அல்ஜீரியா, மொராக்கோ, லெபனான் நாட்டவரும் பிரெஞ்சு தெரிந்தவர்கள் என்பதால் இந்நகரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தீவைக் குறுக்காகப் பிளந்து செல்லும் செயின்ட் லாரன்ஸ் பெருஞ்சாலையில் கிழக்கு, மேற்கு வீட்டு எண்கள் இரண்டு பக்கமும் தொடங்குகின்றன. கிழக்கே பிரெஞ்சு, மேற்கே ஆங்கிலம் என்றிருந்த காலத்தில் யூதர், போர்த்துக்கீசியர், கிரேக்கர் என வந்தவர்களெல்லாம் நடுவிலிருந்த அச்சாலையை ஒட்டியே கடை வைத்தார்கள்.

கேள்வி: அவ்வளவு பனியில் எப்படி வாழ்கிறார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் பனி பொழிகிறது. பல நகரங்களில் பனியை ஓரமாகத் தள்ளிவிட்டு விட்டுவிடுவார்கள். மாண்ட்ரியலில் அள்ளி எடுத்துக்கொண்டே போய்விடுகிறார்கள். முதலில் நடைபாதையில் ஓடும் சிறு வண்டிகள் பனியைச் சாலை விளிம்புக்குத் தள்ளும். பிறகு அந்தத் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது என்ற ஆரஞ்சு நிறப் பலகைகள் நடப்படும். குறித்த நேரத்தில், சைரனை ஏற்றி இறக்கி ஒலித்தபடி இழுவை வண்டி வரும். அந்த ஒலி கேட்டதும் காலணியைச் சரியாகக்கூட மாட்டாமல் காரை எடுக்க ஓடுவார்கள். எடுக்காத கார் பக்கத்துத் தெருவுக்கு இழுத்துச் செல்லப்படும். அடுத்து வரும் பெரிய ஊதி வண்டி பனியை வாரி, பக்கத்தில் ஊர்ந்து வரும் லாரிக்குள் வீசும். ஒரு லாரி நிறைந்ததும் அடுத்தது அந்த இடத்துக்கு நகரும். இப்படிச் சாலையும் நடைபாதையுமாகச் சுமார் 10,000 கிலோமீட்டர். செயின்ட் மிஷேல் பகுதியிலுள்ள பழைய கல்குவாரியில் கொட்டப்படும் பனி கோடையிலும் முழுதாக உருகுவதில்லை.

1966 அக்டோபரில் திறக்கப்பட்ட மெட்ரோ ரயிலுக்கு இரும்புச் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் டயர்கள். பனியில் டயர் வழுக்கும் என்பதால் பாதை முழுவதும் நிலத்தடியில் அமைந்தது. சுரங்கம் தோண்டிய மண்ணின் ஒரு பகுதியைக் கொண்டு 1967 உலகக் கண்காட்சிக்காக ஆற்றின் நடுவே நோத்ர் தாம் என்ற செயற்கைத் தீவை எழுப்பினார்கள். நகர மையத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நிலத்தடி நடைவழிகள் மெட்ரோ நிலையங்களையும் அங்காடிகளையும் அலுவலகங்களையும் இணைக்கின்றன.

கேள்வி: பனி கொட்டும் ஊரில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறார்களே, ஏன்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி. பிளாட்டோ போன்ற பகுதிகளில் மூன்று அடுக்கு வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு குடும்பம். தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே சிறு பசுமைத் திட்டு விட வேண்டும் என்ற விதியால் உள்ளிடம் குறைந்தது. படியை வெளியே கொண்டுபோனால் உள்ளே அறைக்கு இடம் கிடைக்கும். பொதுக் கூடத்தைச் சூடேற்றும் செலவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தெருவிலிருந்தே தனி வாசல். இருக்கும் இடத்துக்குள் படி அடங்க வேண்டும் என்பதால் இரும்புப் படிகள் வளைந்து சுழன்றன. இடையில் சில பத்தாண்டுகள் புதிய வெளிப்படிகளுக்கு நகராட்சி தடை விதித்திருந்தது. நல்லவேளையாக அந்தத் தடை நீங்கிவிட்டது.

குளிர்சாதனப் பெட்டியோடு இந்தப் படிகளில் இறங்கும் மனிதர்களைப் பார்க்க ஜூலை 1 ஆம் தேதி போக வேண்டும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30 இல் முடிவதால் நகரமே அன்று வீடு மாறுகிறது. முன்பு அது மே 1. பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்று 1970களில் மாற்றினார்கள்.

கேள்வி: சைவ உணவுக்காரர்கள் அங்கே எதைச் சாப்பிடலாம்?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: பேகல் சாப்பிடலாம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் கொண்டுவந்த வளைய ரொட்டி அது. தேன் கலந்த கொதிநீரில் போட்டெடுத்து, எள் தூவி, விறகு அடுப்பில் சுடுகிறார்கள். மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, முட்டையும் தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். பூத்தீன் என்னும் உருளைக்கிழங்கு வறுவலில் பாலாடைக்கட்டித் துண்டுகளின் மேல் ஊற்றும் குழம்பு வழக்கமாக இறைச்சிச் சாற்றில் செய்வது, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: பாரிஸுக்கு அடுத்து உலகின் பெரிய பிரெஞ்சு நகரம் மாண்ட்ரியல்தானா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பல நூல்கள் அப்படி எழுதுகின்றன, ஆனால் ஆப்பிரிக்காவை மறந்துவிட்டு எழுதுகின்றன. கின்ஷாசாவும் அபிஜானும் மாண்ட்ரியலை விட மக்கள்தொகை மிகுந்தவை. அங்கே ஆட்சியிலும் கல்வியிலும் பிரெஞ்சுதான் வழங்குகிறது. பெரும்பான்மையோர் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட நகர்ப்பகுதி என்று பார்த்தால், புறநகரங்களையும் சேர்த்து ஏறக்குறைய 43 லட்சம் பேர் வாழும் மாண்ட்ரியல் பாரிஸுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது.