என்ஜின்எக்ஸ் 502 காட்டுகிறது, எஸ்இலினக்ஸை அணைத்துவிடலாமா?

கேள்வி: ராக்கி லினக்ஸ் 9 சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை முன்னால் வைத்து, அதே மெஷினில் 3000-ஆம் போர்ட்டில் ஓடும் நோட் செயலிக்குக் கோரிக்கைகளை அனுப்புகிறேன். பிரவுசரில் 502 (பின்னால் உள்ள செயலியிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வருகிறது. டெர்மினலில் கர்ல் கட்டளையால் நேரடியாகக் கேட்டால் செயலி ஒழுங்காகப் பதில் தருகிறது. கர்னலின் பாதுகாப்புக் காவலான எஸ்இலினக்ஸை பெர்மிசிவ் (மறுக்காமல் லாகில் மட்டும் பதியும் நிலை) ஆக்கினால் தளமும் வேலை செய்கிறது. நிரந்தரமாக அணைத்துவிடலாமா?

வேண்டாம். ஒரே ஒரு அனுமதிதான் குறைகிறது.

என்ஜின்எக்ஸின் எரர் லாகைத் திறந்து பாருங்கள். அப்ஸ்ட்ரீம் இணைப்பு, அதாவது பின்னால் உள்ள செயலிக்கான இணைப்பு, தோற்ற வரியில் 13 என்ற பிழை எண் இருக்கும். செயலியே ஓடவில்லையென்றால் 111 வந்திருக்கும்; பாக்கெட் வழியில் தொலைந்தால் 110. 13 என்றால் கர்னலே அனுமதி மறுத்துவிட்டது. பலர் இந்த இடத்தில் ஃபயர்வாலைக் குடைந்து அரை நாளைத் தொலைக்கிறார்கள். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்தாலும் எதுவும் தெரியாது, ஏனென்றால் இணைப்பைக் கேட்கும் கனெக்ட் அழைப்பிலேயே கதவு சாத்தப்படுகிறது. இணைப்பைத் தொடங்கும் முதல் சின் பாக்கெட்கூடப் புறப்படுவதில்லை.

பழைய யூனிக்ஸ் முறையில் கோப்புக்கு உரிமையாளர், குழு, அனுமதி பிட் எல்லாம் உண்டு. வெளியே போகும் டிசிபி இணைப்புக்கு அப்படி ஒன்றும் கிடையாது. 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைப் பிடிக்க ரூட் வேண்டும், அவ்வளவுதான். எந்த புராசஸ் எங்கே இணையலாம் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பு 2000 டிசம்பரில் வெளியிட்டு, 2003-ல் 2.6 கர்னலோடு வந்த எஸ்இலினக்ஸ் அதைக் கேட்கிறது. புராசஸுக்கு ஒரு லேபிள், போர்ட்டுக்கு ஒரு லேபிள். கனெக்ட் நடக்கும்போது கர்னலில் உள்ள ஒரு ஹூக் (சோதனைப் புள்ளி) இரண்டையும் பாலிசி என்ற விதித் தொகுப்போடு ஒப்பிடும். பாலிசியில் இல்லையென்றால் இல்லைதான், அந்த லேபிளோடு ரூட்டாக ஓடினாலும்.

உங்கள் என்ஜின்எக்ஸ் ஓடுவது அப்பாச்சிக்கென்று எழுதிய எச்டிடிபிடி லேபிளில். நீங்கள் லாகின் செய்த ஷெல்லுக்கோ கட்டுப்பாடில்லாத லேபிள். கர்ல் மட்டும் வேலை செய்யும் மர்மம் இதுதான்.

இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும் மருந்து, 'எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்' என்ற பூலியனை (எஸ்இலினக்ஸின் ஆன்/ஆஃப் அமைப்பு) ஆன் செய்வது. வேலை செய்யும். ஆனால் அதன்பின் என்ஜின்எக்ஸ் எந்த டிசிபி போர்ட்டுக்கும் போகலாம். நாளை அதில் ஓட்டை விழுந்தால், உள்ளே வருபவர் அங்கிருந்தே உங்கள் டேட்டாபேஸைத் தட்டிப் பார்ப்பார்.

நான் செய்வது வேறு. செயலியை 8080-க்கு மாற்றிவிட்டு, பெயர் 'ரிலே' என்று முடியும் பூலியனை மட்டும் ஆன் செய்வேன். வெப், கேஷ், எஃப்டிபி போன்ற சில லேபிள் உள்ள போர்ட்டுகளுக்கு மட்டுமே அது வழி விடும். 8080 ஏற்கெனவே கேஷ் லேபிளில்தான் இருக்கிறது. 3000-ஐ விட மனமில்லையென்றால் செமேனேஜ் கட்டளையால் அதற்கு வெப் போர்ட் லேபிள் கொடுத்து, அதே பூலியனை ஆன் செய்யுங்கள். 3000-க்கு முன்பே வேறொரு லேபிள் உண்டு. அதனால் புதிதாகச் சேர்க்கும் ஆப்ஷன் பிழை காட்டினால், மாற்றும் ஆப்ஷனைக் கொடுங்கள். பூலியனை ஆன் செய்யும்போது அதை நிரந்தரமாக்கும் பெரிய எழுத்து 'பி' ஆப்ஷனை மறக்க வேண்டாம். மறந்தால் ரீபூட் ஆனதும் 502 திரும்ப வந்து நிற்கும்.

அப்புறம் உண்மையாகவே மறுக்கும் என்ஃபோர்சிங் நிலைக்குத் திரும்பி, ஆடிட் லாகில் புதிய ஏவிசி மறுப்பு (எஸ்இலினக்ஸ் தடுத்ததைப் பதியும் வரி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த போர்ட், எந்த லேபிள் என்று அந்த வரியே சொல்லும். இன்னும் தேட வேண்டியிருந்தால் எச்டிடிபிடி லேபிள் ஒன்றை மட்டும் பெர்மிசிவ் ஆக்கலாம். மற்ற சேவைகள் காவலிலேயே இருக்கும்.