நியூட்டனின் பெண்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாணம், சடங்கு என்று படமெடுத்துப் பிழைக்கிறேன். ஃபேஷன் புகைப்படக் கலைஞர் ஹெல்மட் நியூட்டனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவர் எடுத்த பெண்களின் படங்களை, நிர்வாணப் படங்கள் உட்பட, தேடிப் பார்த்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. யாராவது வந்தால் மூடிவைக்கவும் தோன்றுகிறது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி எங்களை வளர்த்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு படமா?" என்றார். இவரை ரசிப்பது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாக ரசிக்கலாம். எல்லாவற்றையும் அல்ல.

1975இல் பிரெஞ்சு வோக் ஃபேஷன் இதழுக்கு அவர் எடுத்த படத்தை நிதானமாகப் பாருங்கள். பாரிஸில் இரவு நேரத்து ஒடுங்கிய தெரு. ஆடை வடிவமைப்பாளர் ஈவ் செயின்ட் லாரன்ட் பெண்களுக்கென்று தைத்த ஆண்பாணி கோட்டும் கால்சட்டையும் அணிந்து ஒருத்தி நிற்கிறாள். முடியைப் படிய வாரியிருக்கிறாள். ஒரு கை கால்சட்டைப் பைக்குள், மற்றதில் சிகரெட். தோல் காட்டும் படமே இல்லை. ஆனாலும் அவருடைய நிர்வாணப் படங்களைவிட இதுதான் என்னைச் சீண்டுகிறது. பார்ப்பவனுக்காக அவள் சிரிக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை.

நியூட்டன் பெர்லினில் பிறந்த யூதர். தொழில் கற்றது இவா என்ற பெண் புகைப்படக் கலைஞரிடம். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பிக் கப்பலேறியவர் இறங்கிய இடம், நமக்குப் பக்கத்திலுள்ள சிங்கப்பூர். அங்கே கிடைத்த பத்திரிகை வேலை சீக்கிரமே போனது. 1940இல் பிரிட்டிஷார் எதிரி நாட்டவர் என்று பிடித்து ஆஸ்திரேலிய முகாமுக்கு அனுப்பினார்கள். பெர்லினிலேயே இருந்துவிட்ட இவாவை நாஜிகள் கொன்றார்கள். நியூட்டனின் பெண்கள் நிமிர்ந்து நிற்பதில் அந்தக் குருவின் பங்கு உண்டென்றே நான் நம்புகிறேன்.

உங்கள் அம்மாவின் கேள்வியையும் தள்ளிவிடாதீர்கள். 1979இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக், நியூட்டனின் படங்கள் பெண்வெறுப்பைக் காட்டுகின்றன என்று முகத்துக்கு நேரே சொன்னார். கட்டிலில் மண்டியிட்ட பெண்ணின் முதுகில் குதிரைச் சேணத்தைக் கட்டி எடுத்த படத்தைப் பார்க்கும்போது நான் சொண்டாக் பக்கம்தான்.

ஆனால் 1981இல் எடுத்த தற்படம் வேறு. கண்ணாடியில் நிர்வாண மாடல் தெரிகிறாள். அவள் பின்னால் மழைக்கோட்டுடன் கேமராவில் குனிந்திருக்கிறார் நியூட்டன். ஓரத்தில் நாற்காலி போட்டு, கையில் முகத்தைத் தாங்கியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் மனைவி ஜூன். எடுப்பவனும் மாட்டிக்கொள்கிறான். இந்த நேர்மைக்காக அவரை நான் விடமாட்டேன்.

இன்னொன்று. நம் தோட்டங்களில் விடியுமுன் பால்மர வரிசைக்கு, அதாவது நிரைக்குப் போன பெண்கள் கொசுக்கடிக்குப் பயந்து புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் மாட்டிக்கொண்டார்கள். நெற்றியில் விளக்கு, கையில் மரம் சீவும் உளி. பாரிஸில் கோட் போட்டவளுக்கு எந்த விதத்தில் குறைந்த தோரணை அது? ஆனால் பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போகும்போது அதைக் கழற்றிவைத்து, பட்டுச்சேலை கட்டி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நம் வீட்டு ஆல்பங்களில் அந்தச் சட்டை இல்லை.

அம்மா சம்மதித்தால் அந்தச் சட்டையிலேயே எடுங்கள். இரவில், கடைவீதி ஐந்தடியில் (கடைகளுக்கு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்), தெருவிளக்கு வெளிச்சம் போதும். ஃபிளாஷ் வேண்டாம், கேமராவுக்கு முக்காலி அவசியம். சிரிக்கச் சொல்லாதீர்கள், எப்படி நிற்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அனுப்பினால், அவர் அனுமதியோடு இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்